கூடை பின்ற தம்பிக்கு

வா தம்பி, குந்து. ஆகாயத்தாமரைல கூடை பின்னி எண்ணூரையே தூக்கி நிறுத்தப் போறியாமே? நிறுத்து கண்ணு. இதுவரைக்கும் வந்தவங்கல்லாம் கொட்டத்தான் வந்தாங்க; அள்ள வந்த மொத ஆளு நீதான்.

ஆனா அத முகத்துவாரத்துல நின்னு தேடாதே. உப்புத்தண்ணி பட்டா வாடிப்பூடும். மழை வெள்ளத்துல கொசஸ்தலை அடிச்சிக்கினு வந்து எங்க வலையில சுத்திவுடும், அவ்ளோதான். மேல, நல்ல தண்ணி தேங்குற பக்கம் போய் அறு. தண்டை மட்டும் காயவை, வேரைச் சேக்காதே. ஈயம், காட்மியம்னு தண்ணில கீற கசடெல்லாம் வேர்லதான் அதிகமா ஏறும். நீ பாட்டுக்கு "இயற்கைப் பொருள்"னு சீட்டு ஒட்டுவே. அடையாறு அம்மா அந்தக் கூடையில கத்திரிக்கா போட்டுக்குவாங்க!

கூடலூர் ஆளுங்களப் பாரு. பெட்டக்குறும்பரும் பணியரும் காட்டுநாயக்கரும் உண்ணிச்செடியை வெட்டி, வேகவச்சு, பட்டை உரிச்சு, கம்பிக்கூட்டு மேல வளைச்சு, நெச அளவுக்கே யானை செய்றாங்க. 2021ல லண்டன் பூங்காவுல நின்னுச்சு. 2024ல 100 யானை அமெரிக்கா போச்சு. அந்தச் செடியே அமெரிக்கக் கண்டத்துது. வெள்ளைக்காரன் தோட்டத்து அழகுக்குன்னு கொண்டாந்தது. வந்தவனுக்குத் தும்பிக்கை வச்சு, காசும் வாங்கிக்கினு திருப்பி அனுப்புனாங்க பாரு, அது சாமர்த்தியம்! ஒரு யானை எம்மாஞ்செடி முழுங்கும்? உன் கூடைய வச்சு ஒரு ஏரிய காலி பண்ணணும்னா என் கொள்ளுப்பேரனும் பின்னணும்.

எங்களுக்கும் தென் அமெரிக்கச் சொந்தம் ஒண்ணு கீது, காக்கா ஆழிங்கிற சிப்பி. கப்பல் அடியில ரொப்புற தண்ணியோட வந்துதுன்னு சொல்றாங்க. சேத்து மேல பாய் விரிச்சாப்பல படிஞ்சு, மஞ்ச மட்டிக்கு இடமே இல்லாம பண்ணிடுச்சு. அதோட ஓடும் சுண்ணாம்புச் சத்துதான். கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்புலதான் அந்தக்கால மெட்ராஸ் மாளிகைச் சுவரெல்லாம் பளபளன்னு மின்னுச்சு. அப்படிச் சுட்டு எடுக்க முடியுமான்னு படிச்சவங்களக் கேளு. கூடையவிட அதுல பசங்களுக்குப் பொழைப்பு கெடைக்கலாம்.

எங்க ஆத்துச் சாம்பலா? அனல் மின்நிலையத்துச் சாம்பலைச் செங்கல்லுல கலக்கணும்னு 1999லயே சர்க்கார் உத்தரவு போட்டுது. ஆத்துல படிஞ்சதுக்கு அந்த உத்தரவை எவனும் படிச்சுக் காட்டல போல. சாம்பல் கல்லுல ஒரு யானை செஞ்சு, கொட்டுனவன் வாசல்ல நிறுத்துறதா இருந்தா சொல்லு. தூக்க நானும் வரேன்.

அப்புறம், கணக்குல அறுக்குற பொம்பளைங்க கூலிய மொதல்ல எழுது, கண்காட்சிச் சமோசாவ கடைசியில எழுது. ஆர்டர் குவிஞ்சு செடி கொறைஞ்சா வயிறு எரியும். அதுக்காக ராத்திரியில போய் ஏரிக்கு உரம் தூவாதே, நைனா.