இரண்டு கல்லூரிகள் விஷயமாக ஒரு விஞ்ஞாபனம்

அரசு கலைக் கல்லூரிகளைப் பரிபாலிக்கும் மகா கனம் பொருந்திய அதிகாரிகளின் சமூகத்திற்கு, கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்தில் வசிக்கும் தகப்பன் ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது.

என் புத்திரி பிளஸ் டூ தேறி, பி.ஏ. வகுப்பில் சேர உத்தேசித்திருக்கிறாள். கிழக்கே கடலூர் தேவனாம்பட்டினத்தில் 1964 முதல் நடந்துவரும் பெரியார் அரசு கலைக் கல்லூரி. தெற்கே சிதம்பரத்தை அடுத்த சி. முட்லூரில் மற்றோர் அரசு கலைக் கல்லூரி. விண்ணப்பத்தில் இவற்றில் எதை முதலில் எழுதுவது என்று நிர்ணயிக்க என் வீட்டுத் திண்ணையில் கூடிய சபையில், சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும், மளிகைக்கடைக்காரர் ஒருவரும், என் மைத்துனரும் அந்தி தொடங்கி அடுப்பணையும் வரையில் தர்க்கம் செய்து, காப்பியைத் தீர்த்தார்களேயொழிய சந்தேகத்தைத் தீர்க்காமல் கலைந்து போனார்கள்.

குற்றம் அவர்களுடையதன்று. இரு கல்லூரிகளுக்கும் எஜமானர் ஒருவரே. இடஒதுக்கீட்டு விதி ஒன்றே. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஒன்றே. 2023இல் மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் வகுத்தளித்த பின், பாடத்திலாவது வித்தியாசம் இருக்கலாம் என்ற நப்பாசையும் போயிற்று. பட்டம் தரும் சர்வகலாசாலையைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். 1929இல் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்திலேயே கம்பீரமாக நிற்க, அதன் வாசலைத் தாண்டிப் போகும் பிள்ளைகளுக்கு வேலூரிலிருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் பட்டம் அனுப்பிக்கொண்டிருந்த விசித்திரத்தை நாங்கள் வெகுகாலம் ரசித்தோம். பிறகு விழுப்புரத்தில் ஒரு சர்வகலாசாலை தோன்றி, நாங்கள் அதன் பெயரை மனப்பாடம் செய்வதற்குள் மறைந்தும் போயிற்று. 2021 முதல் எல்லாரும் அண்ணாமலையின் குடைக்கீழ் வந்துவிட்டோம். நியாயமான காரியந்தான், ஆனால் தேர்ந்தெடுப்பதற்கு மிச்சமிருந்த கடைசி வித்தியாசமும் அத்துடன் ஒழிந்தது.

இத்தகைய வழக்குகளைத் தீர்க்க எங்கள் பிரதேசத்தில் பழைய சம்பிரதாயம் ஒன்று உண்டு. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய ஆங்கிலேயக் கம்பெனியார், கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரையிலுள்ள ஊர்களெல்லாம் தமக்கே சொந்தம் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்ற பெயர் அவ்வாறு வந்ததுதான். செயின்ட் டேவிட் எனப்படும் அந்தக் கோட்டை இடிந்து கிடந்தாலும், தாங்கள் மனம் வைத்தால் ஒரு பீரங்கி கிடைக்காமல் போகாது. தேவனாம்பட்டினத்தில் ஒன்று, சி. முட்லூரில் ஒன்று நிறுத்தி ஏககாலத்தில் சுடச்சொன்னால், எந்தக் குண்டு எங்கள் தெருவுக்கு அருகில் விழுகிறதோ அந்தக் கல்லூரியில் பெண்ணைச் சேர்த்துவிடச் சித்தமாயிருக்கிறேன். கூரைக்குச் சேதம் வந்தால் நிவாரணம் கோரமாட்டேன்.

பீரங்கி வரும்வரை காத்திருக்க முடியாமல், மைத்துனர் மறுநாள் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கடலூர் இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸிலேயே போய் வரலாம். சிதம்பரமோ அதைப்போல் நாலைந்து மடங்கு தூரம். டிக்கெட் எடுத்தே தீரவேண்டும். ஆக, மூன்று வருஷத்துக் கல்வியை நிர்ணயித்தது ஆசிரியருமன்று, நூலகமுமன்று. பஸ் நடத்துநர் கிழித்துத் தரும் பூஜ்யக் கட்டணச் சீட்டு.

பகடியை ஒருபுறம் வைத்துவிட்டு ஒன்று கேட்கிறேன். கிளைவ் கவர்னராக வீற்றிருந்த கோட்டையும் கடலும் பக்கத்திலிருக்க, தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகள் துறைமுகங்களின் சரித்திரத்தில் நிபுணராகும்படியும், சிதம்பரம் கோயிலின் கோபுரவாயிலில் 108 கரணச் சிற்பங்கள் நிற்க, சி. முட்லூர்ப் பிள்ளைகள் கல்வெட்டும் சிற்பமும் கற்றுத் தேறும்படியும், ஒவ்வொரு கல்லூரிக்கும் மற்றதில் இல்லாத ஒரு பாடத்தையும், அதை நிலையாக நடத்த ஓர் ஆசிரியரையும் தந்தருளக் கூடாதா? சமத்துவம் வேண்டியதுதான். ஆனால் கட்டணத்தில் சமத்துவம் இருக்கவேண்டுமென்பதற்காக, கற்பனையிலும் அச்சடித்த சமத்துவம் அவசியமா?

இந்தப் பிரார்த்தனையைத் தாங்கள் பரிசீலித்து உத்தரவு பிறப்பிக்கும்வரை, என் புத்திரியின் விண்ணப்பத்தில் முதலிடம் டவுன் பஸ்ஸுக்கே தரப்பட்டிருக்கிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெல்லிக்குப்பத்துத் தகப்பன் ஒருவன்