எர்ரர் 680

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. சுதந்திரம் முதலில் பெருநகரங்களுக்குத்தான். எஸ்.டி.டி. கோடு 04142 கடலூரிலும் 04144 சிதம்பரத்திலும் எங்களைப் போன்றவர்களின் வீடுகளுக்கு அது வந்து சேர்ந்தபோது நூற்றாண்டே மாறியிருந்தது. 172233 என்று மோடம் டயல் செய்யும். கீச்சிட்டு, கரகரத்து, பிறகு உலகம் திறக்கும். திறந்தால்.

விண்டோஸ் 98-இல் கன்ட்ரோல் பேனல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தாலே ‘கம்ப்யூட்டர் தெரிஞ்ச தம்பி’ பட்டம் கிடைத்த காலம் அது. அண்ணாமலை நகரில் படித்துக்கொண்டிருந்த நான் அந்தப் பட்டத்தோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூருக்கு பஸ் ஏறுவேன். திருப்பாதிரிப்புலியூரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எனக்காக வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். மகன் நியூஜெர்சியில்.

ரிசீவரைக் காதில் வைத்தால் டயல் டோன் கணீரென்று கேட்கும். மோடம் மட்டும் டோனே இல்லை, எர்ரர் 680 என்று சாதிக்கும். சார் ரிசீவரை என் காதில் வைத்து, “நீயே கேளு தம்பி, இது பொய்தானே சொல்லுது?” என்பார். பொய்யில்லை. பல மோடங்கள் அமெரிக்க டயல் டோனுக்குப் பழகிய காதோடு வந்தவை. நம் ஊர் டோனின் சுருதி வேறு. மோடம் ப்ராபர்ட்டீஸுக்குள் போய், டோனுக்காகக் காத்திரு என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் எக்ஸ்ட்ரா செட்டிங்ஸில் எக்ஸ்3 என்று எழுத வேண்டும். டோன் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நீ பாட்டுக்கு டயல் பண்ணு என்று அதற்கு அர்த்தம். இன்னொரு பக்கத்தில் நெட்பியூஇ, ஐபிஎக்ஸ் என்று டிக் ஆகியிருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு டிசிபி/ஐபியை மட்டும் விட்டுவைத்தால் லாகின் சற்று சீக்கிரம் முடியும்.

சார் இதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுதினார். இடப்பக்கம் எண், வலப்பக்கம் பரிகாரம், சிவப்பு மையில் அடிக்கோடு. 676: பிஸி, பூஜையை முடித்துவிட்டு வரவும். 678: எதிர்முனை எடுக்கவில்லை, ராத்திரி பார்க்கவும். 691: பாஸ்வேர்டு, கேப்ஸ் லாக்கைக் கவனி. எண்ணே இல்லாமல் கடைசியில் ஒரு வரி: ‘அடுப்பங்கரை’. அங்கே ஒரு பேரலல் போன் இருந்தது. நெய்வேலித் தங்கையிடம் பேசலாமென்று சார் வீட்டு அம்மா அதை எடுத்தால் நியூஜெர்சி அறுந்துவிடும்.

உண்மையில் இவ்வளவு செட்டிங்ஸ் ஞானம் தேவைப்படாத நாட்களே அதிகம். கடலோர ஊர், உப்புக்காற்றில் ஜாயின்டுகளில் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். மழை பெய்தால் லைன் இரையும். லைன்மேன் வந்து கம்பி முனையைச் சுரண்டி, முறுக்கிவிட்டு, சைக்கிள் ஏறிப் போய்விடுவார். உள்ளே அதே நேரத்தில் நாங்கள் ஏதோ ஒரு கட்டத்தில் டிக்கைப் போட்டோ நீக்கியோ வைத்திருப்போம். பரிகாரமாக அதுதான் நோட்டில் ஏறும். சாரின் நோட்டில் பாதி, லைன்மேனின் கைவண்ணம்.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்டைக் கொண்டுவந்தது. அதன் பிறகு மோடம் டயல் செய்யும் சத்தம் ஒவ்வொரு வீடாக ஓய்ந்தது. அமெரிக்காவில் ஏ.ஓ.எல். 2025 செப்டம்பர் 30 வரை டயல்-அப் நடத்தியிருக்கிறது; சாரையும் மிஞ்சிய பிடிவாதம்.

இப்போது சாரின் வீட்டுக்குக் கண்ணாடி இழை வந்திருக்கிறது. அதில் உப்பு பூக்காது. அடுப்பங்கரையில் அம்மா வீடியோவில் சமையல் பார்த்துக்கொண்டே தங்கையிடமும் பேசுகிறார், ஒன்றும் அறுவதில்லை. எப்போதாவது நின்றால் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. திரையோ ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது’ என்று பொதுவாக வருத்தப்படுகிறது.

எண்பதைத் தாண்டிய சார் போன மழையில் சிதம்பரத்துக்கு போன் செய்தார். “தம்பி, நெட் வரலை. நம்பர் ஒண்ணும் போட மாட்டேங்குதே?” கஸ்டமர் கேரில் கேளுங்கள் சார் என்றேன். கேட்டிருக்கிறார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லியிருக்கிறது அந்தப் பெண்.

“அது சரிம்மா, எர்ரர் நம்பர் என்ன? எழுதிக்கணும்.”

அப்படி எதுவும் வராது சார் என்று அது எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறது. தலைமையாசிரியர் விடுவதாக இல்லை. கடைசியில் புகார் எண் என்று பத்து இலக்கத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருக்கிறது. சாருக்குப் பரம திருப்தி. இவ்வளவு பெரிய எர்ரரெல்லாம் விண்டோஸ் 98-இல் வந்ததே கிடையாது என்றார் என்னிடம்.