விரியாத வாயு

கேள்வி: வெயிலில் காற்று விரிந்து டயர் வெடிக்குமாம், நைட்ரஜன் அடித்தால் விரியாதாமே?

பதில்: விரியாத வாயுவை யாரும் கண்டுபிடிக்கவில்லை, விற்கத்தான் செய்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். கன அளவு மாறாதவரை, கெல்வின் கணக்கில் வெப்பநிலை ஏறும் விகிதத்தில் அழுத்தமும் ஏறும். எந்த வாயு என்று விதி விசாரிப்பதில்லை. 27 டிகிரி செல்சியஸ் 54 ஆனால் அழுத்தம் இரட்டிக்குமே என்று பதறவேண்டாம். 300 கெல்வின் 327 ஆகிறது, 9 சதவீதம்தான். மீட்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துக் காட்டுவதால், 32 பிஎஸ்ஐ சுமார் 36 ஆகும். டயரும் விரியாதா என்றால், உள்ளிருக்கும் இழைகள் அதிகம் விடுவதில்லை. நைட்ரஜனில் ஈரமில்லை, கசிவும் சற்றுக் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெயிலுக்குப் பயந்து காற்றை இறக்காதீர்கள்: காற்று குறைந்த டயர்தான் நசுங்கி நெளிந்து இன்னும் சூடாகும்.