கொன்றை மரத்துக்குப் புத்தி இல்லை

சினிமாப் பாட்டு கெட்டுப்போச்சு என்று புலம்புகிறவர்களிடம் எப்போதும் ஒரு பட்டியல் ரெடியாக இருக்கும். எதை எடுத்தாலும் நிலா, மழை, இளைத்துப்போன காதலி, போனவன் வரவில்லை என்ற ஒப்பாரி, ஹீரோ செருப்பு மாட்டினாலே பூமி அதிருகிற பில்டப். 'நம்ம சங்கப் புலவர்கள் எல்லாம் இப்படியா எழுதினாங்க?' என்று கடைசியில் ஒரு பெருமூச்சு.

ஆமாம் ஐயா. இப்படியேதான் எழுதினார்கள். அதுவும் ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, 473 பேர்!

மொத்தம் 2,381 பாட்டு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பெரும்பாதி காதல். ஒவ்வொரு காதல் பாட்டுக்கும் கீழே ஒரு குறிப்பு இருக்கும்: யார் பேசுகிறார், யாரிடம், எந்த நேரத்தில், எதற்காக. பொருள் தேடப் போனவன் திரும்பவில்லை, தலைவி வாடுகிறாள், தோழி தேற்றுகிறாள். கோடம்பாக்கத்தில் இதற்குப் பெயர் சிச்சுவேஷன். டியூன் போடும் ஆள் மட்டும்தான் ஃப்ரேமில் இல்லை.

டைரக்டர் இருக்கிறார். அவர் பெயர் தொல்காப்பியர். மலை என்றால் கூடல், காடு என்றால் காத்திருப்பு, வயல் என்றால் சண்டை, கடற்கரை என்றால் அழுகை, பாலை என்றால் பிரிவு. எந்தப் பூ, எந்தப் பறவை, எந்தப் பொழுது எல்லாம் முன்கூட்டியே ஃபிக்ஸ். புருஷன் பெண்டாட்டி ஊடல் வேண்டுமா? யூனிட்டை வயல் பக்கம் வண்டியேற்றிவிட வேண்டியதுதான்.

இன்னொரு கண்டிஷனும் உண்டு. காதலைப் பாடும் அகப்பாட்டில் காதலர்களின் பெயர் வரக் கூடாது. நக்கீரர் நெடுநல்வாடை என்று 188 அடியில் ஒன்று எழுதினார். குளிர்கால ராத்திரி, தூக்கம் வராமல் தவிக்கும் ராணி, தூரத்தில் பாசறையில் ராஜா. அக்மார்க் காதல் பாட்டு. ஆனால் ராஜாவின் பாசறையில் ஒரு வேலில் வேப்பந்தழை கட்டியிருந்ததாக ஒரு இடத்தில் எழுதிவிட்டார். வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. பிராண்ட் லோகோ ஃப்ரேமில் தெரிந்துவிட்டது! உரைகாரர்கள் கூடினார்கள், சர்டிபிகேட்டை மாற்றினார்கள். தூக்கம் கெட்டுத் தவித்த ராணி அன்றிலிருந்து போர் டிபார்ட்மென்டில் இருக்கிறார்.

சரி, நிலாவுக்கு வருவோம். நிலா இல்லாமல் நம் பாடலாசிரியர்கள் பேனாவைத் திறப்பதில்லை என்பது பழைய குற்றச்சாட்டு. குறுந்தொகையில் ஒரு புலவர் இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் தொலைந்துவிட்டது. நிலாவை வைத்து அவர் எழுதியது நின்றுவிட்டது. தொகுத்தவர்கள் நெடுவெண்ணிலவினார் என்றே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அப்படி அந்த நிலாவை எப்படி வர்ணித்தார் என்கிறீர்களா? திட்டியிருக்கிறார்! காதலன் ராத்திரி திருட்டுத்தனமாக வர வேண்டும். இது பாட்டுக்கு ஃப்ளட் லைட் போட்டுக்கொண்டு நின்றால் அவன் எப்படி வருவான்? பாறையில் உதிர்ந்த வேங்கைப் பூ அந்த வெளிச்சத்தில் புலிக்குட்டி மாதிரி வேறு தெரிகிறதாம்.

அடுத்தது மழை. இதில்தான் நம் முன்னோர்கள் உச்சம் தொட்டார்கள்.

கதை எப்போதும் ஒன்றுதான். தலைவன் வெளியூர் கிளம்புகிறான். 'கார்காலம் தொடங்குவதற்குள் வந்துவிடுவேன்' என்கிறான். கார்காலம் வருகிறது. அவன் வரவில்லை. கொன்றை மரமெல்லாம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தொங்குகிறது. வேறு யாராக இருந்தாலும் ஆள் ஏமாற்றிவிட்டான் என்று முடிவுக்கு வந்திருப்பார்கள். நம் தலைவியைச் சும்மா நினைக்கக் கூடாது. ஓதலாந்தையார் எழுதிய பாட்டில் அவள் அடித்துச் சொல்கிறாள்: கொன்றை பூத்தால் பூக்கட்டும், இது கார்காலம் என்று நான் நம்ப மாட்டேன், ஏனென்றால் அவர் பொய் சொல்ல மாட்டார். காட்டையே பொய்சாட்சி ஆக்கிவிட்டாள். வானிலை அறிக்கையையும் காதலனையும் எதிரெதிரே நிறுத்தினால் எது ஜெயிக்கும் என்று இதற்குமேல் ஆராய்ச்சி தேவையில்லை.

கோவத்தன் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய பாட்டில் தோழி பேசுகிறாள். இந்தக் கொன்றை மரங்களுக்குப் புத்தியே கிடையாதடி, ஏதோ சீசன் தப்பிப் பெய்த மழையைப் பார்த்துக் கார்காலம் என்று ஏமாந்து பூத்துவிட்டன என்கிறாள். பொய் சொன்னவன் ஒருவன், முட்டாள் பட்டம் மரத்துக்கு! அந்த மரம் செய்த ஒரே தப்பு, டயத்துக்கு வந்தது.

அவன் என்னதான் செய்துகொண்டிருந்தான்? வந்துகொண்டுதான் இருந்தான். அகநானூற்றில் குறுங்குடி மருதனார் காட்டுகிறார். வாக்குக் கொடுத்த காலம் வந்தாகிவிட்டது, வீட்டில் ஒருத்தி உருகிக்கொண்டிருக்கிறாள், தேரில் ஏறிவிட்டான். அப்புறம் தேர்மணியின் நாக்கை இழுத்துக் கட்டச் சொல்கிறான். ஏன்? வழியோரப் பூக்களில் வண்டுகள் ஜோடியாக இருக்கின்றனவாம், சத்தம் கேட்டால் பயந்துவிடுமாம். வண்டின் இல்லற வாழ்க்கையில் இவ்வளவு அக்கறை உள்ளவன் சொந்த வீட்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே கிளம்பியிருக்கலாம்.

இந்த வெளியூர்ப் பயணத்துக்குக் காரணம், பாட்டுக்குப் பாட்டு, பணம். பாலைத்திணை முழுக்க இந்த மிடில் கிளாஸ் அவஸ்தைதான்: போவதா, இருப்பதா, காசா, காதலா. இந்த சப்ஜெக்டில் ஸ்பெஷலிஸ்ட் ஒருவர் உண்டு, பாலை பாடிய பெருங்கடுங்கோ. காசில்லாதவன் வலியைப் பிழிந்து எடுத்தவர். தொழில்? சேர நாட்டு ராஜா.

காத்திருந்தவளுக்கு என்ன ஆகும் என்பதிலும் சந்தேகம் வேண்டாம். வளையல் கழன்று விழும், பசலை படரும். பரணர் மட்டும் கொஞ்சம் வித்தியாசமாக, ஊருணிப் பாசி போல அது என்று எழுதினார்: கை பட்டால் விலகும், எடுத்தால் வந்து மூடிக்கொள்ளும். மற்றவர்கள் வளையலோடு நிறுத்திக்கொண்டார்கள். சங்ககாலத் தெருக்களில் கழன்று விழுந்த வளையலையெல்லாம் பொறுக்கி விற்றிருந்தால் தலைவன் பொருள் தேட வெளியூர் போயிருக்கவே வேண்டாம்.

திரும்பி வந்தவன் ஒழுங்காக இருந்தானா என்றால், வயல் பக்கம் போக வேண்டிவரும். வயல் திணையான மருதத்தில் அவன் பரத்தை வீட்டுக்குப் போவான், வருவான், மனைவி கதவைச் சாத்துவாள், பாணன் தூது வருவான். ஆலங்குடி வங்கனார் ஒரு குறும்புக்காரர். மைக்கை மற்றவள் கையில் கொடுத்துவிட்டார். அவள் சொல்கிறாள்: இங்கே வந்தால் வீரவசனம், வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் அம்மா முன்னால் நின்றால் கண்ணாடிப் பொம்மை, அவள் கையைத் தூக்கினால் இவரும் தூக்குவார். இதை எழுதியவர் ஆண் என்பதால், உள்விவரம் தெரிந்தவர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

காதல் தோல்விப் பாட்டு, தாடி, தெருவில் திரிவது எல்லாம் தேவதாஸ் கொண்டுவந்தது என்று நினைப்பவர்கள் மடலேறுதலைப் பார்க்கவும். பெண் கிடைக்கவில்லை என்றால் ஆண்மகன் பனங்கருக்கில் குதிரை செய்வான். எருக்கம்பூ மாலை, எலும்பு மாலை போட்டுக்கொள்வான். ரம்பம் போன்ற அந்தக் குதிரையில் உட்கார்ந்து நடுத்தெருவில் ஊர்வலம் வருவான். பெண் வீட்டார் மானத்துக்குப் பயந்து கட்டிக்கொடுக்க வேண்டும். திட்டம் பலே! ஆனால் தொல்காப்பியத்தின் சட்டநுணுக்கத்தைப் பாருங்கள். 'ஏறப்போகிறேன்' என்று மிரட்டுவது உயர்ந்த காதல் கணக்கில் வரும். உண்மையிலேயே ஏறிவிட்டால் அது பொருந்தாக் காமமாகிய பெருந்திணை. உலகத்திலேயே வாய்ச்சவடாலுக்குப் பாஸ் மார்க்கும் செயலுக்கு ஃபெயிலும் போட்ட ஒரே காதல் இலக்கணம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

பெண்கள் மடலேறக் கூடாது என்றும் விதி. பல நூற்றாண்டு கழித்துத் திருமங்கையாழ்வார் பெண்ணாகவே மாறிப் பெருமாள்மேல் மடல் பாடினார். ரூல்ஸ் என்னாச்சு என்று கேட்பார்கள் என்று அவருக்கும் தெரியும். தெற்கத்தி வழக்கம் எனக்கு வேண்டாம், வடக்கத்தி வழக்கமே போதும் என்று பாட்டுக்குள்ளேயே பதில் எழுதி வைத்துவிட்டார். ஜூரிஸ்டிக்‌ஷனை மாற்றிய முதல் கவிஞர்.

தூது விடுவதும் தவறாத ஐட்டம். மேகம், கிளி, அன்னம் சரி. அகநானூற்றில் ஒரு பெண் நண்டைக் கூப்பிட்டு, நீதான் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்கிறாள். நண்டு நேராகவே நடக்காதே அம்மா! எழுதியவர் மதுரைக் கள்ளிற் கடையத்தன் வெண்ணாகனார். பெயரிலேயே கள்ளும் கடையும் இருக்கின்றன, மேற்கொண்டு நான் எதுவும் சொல்லவில்லை.

பிசிராந்தையார் அன்னத்தை அனுப்பினார், நண்பர் கோப்பெருஞ்சோழனிடம். உறையூர் அரண்மனையில் வாசல்காரனிடம் பேசாதே, நேரே உள்ளே போ, பிசிர் ஆந்தையின் ஆள் என்று என் பெயரைச் சொல், உன் ஜோடிக்கு நகை தருவான் என்கிறார். 'நம்ம பேரைச் சொல்லு, வேலை முடியும்' என்பதன் மிகப் பழைய பதிவு இது. ராஜாவை அதுவரை அவர் நேரில் பார்த்ததுகூட இல்லை!

இனி ஹீரோ இன்ட்ரோ. புறநானூறு என்ற பெயரில் உ.வே.சாமிநாதையர் 1894இல் அச்சில் கொண்டுவந்த தொகுப்பில் இது நிறையவே உண்டு. வேண்டிய அளவு யானை, தேர், கொடை. பேகன் மயிலுக்குப் போர்வை போர்த்திய கதை உங்களுக்கும் பாடப்புத்தகத்தில் வந்திருக்கும். மயில் குளிரால் நடுங்குகிறது என்று நினைத்தாராம் அந்த வள்ளல். அது நடுங்கவில்லை, ஆடியது. சரி, நல்ல மனசு.

பாடப்புத்தகம் சொல்லாத பாக்கியும் புறநானூற்றிலேயே இருக்கிறது. மயிலுக்குப் போர்த்தியவர் மனைவி கண்ணகியை விட்டுவிட்டு வேறொருத்தியோடு போய்விட்டார். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று அன்றைய டாப் ஸ்டார்கள் நான்கு பேர் வரிசையாகப் பாடிப் பஞ்சாயத்துப் பண்ணியிருக்கிறார்கள். பரணர் சொல்கிறார்: எனக்குப் பசியில்லை, பொருள் வேண்டாம், ராத்திரியே தேரேறிப் போய் அந்த அம்மா கண்ணீரைத் துடை, அதுதான் நான் கேட்கும் பரிசு. ஒரு புலவர் பேமென்ட் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றால் விவகாரம் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்!

ஏனென்றால் பேமென்ட் சாதாரணமாக இல்லை. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் ரேட் கார்டே தருகின்றன. பத்துப் பாட்டுக்குக் குமட்டூர்க் கண்ணனாருக்கு 500 ஊர்கள், கூடவே 38 ஆண்டுகளுக்குத் தென்னாட்டு வருவாயில் பங்கு. ராயல்டி என்ற சொல் வருவதற்கு முன்பே ராயல்டி! கபிலருக்கு 1 லட்சம் பொற்காணம், மலைமேல் நின்று கண்ணுக்குத் தெரிந்த நாடு. அரிசில்கிழாருக்கு 9 லட்சத்தோடு சிம்மாசனத்தையே கொடுத்தான் சேரன். அவர் சிம்மாசனத்தைத் திருப்பிக் கொடுத்து மந்திரி வேலை போதும் என்றார். அடிக்கடி ராஜாக்களைப் பார்த்தவர், அந்த வேலையின் லட்சணம் தெரிந்திருக்கும்.

கம்மியாகக் கொடுத்தால்? புலவர் பெருஞ்சித்திரனாருக்கு இளவெளிமான் என்ற குறுநில மன்னன் அப்படித்தான் கொடுத்தான். அவர் வாங்கவில்லை. வள்ளல் குமணனிடம் போனார், பாடினார், யானை வாங்கினார். அதை ஓட்டிக்கொண்டு இளவெளிமான் ஊருக்கே திரும்பி வந்தார். எதிரி தொட்டால் போர் மூளும் அளவுக்குப் புனிதமான காவல் மரத்தில் அந்த யானையைக் கட்டினார். கொடுப்பவன் நீ ஒருத்தன் மட்டும் இல்லை, நான் வாங்கிய பரிசைப் பார்த்துக்கொள், வருகிறேன் என்று பாட்டாகவே பாடிவிட்டுக் கிளம்பிவிட்டார். தீனிச் செலவை யார் தலையில் கட்டினார் என்று மட்டும் பாட்டில் இல்லை.