பார்த்தது 98 வருடம், கட்டியது 8 வருடம்

மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு. பெய்கிற மழையையெல்லாம் வாங்கிக்கொண்டு அரபிக் கடலில் போய் விழும். இந்தப் பக்கம் வைகை. மதுரையும் ராமநாதபுரமும் அதை நம்பிப் பயிர் வைக்கும்; அதுவோ நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. அந்தத் தண்ணியை இந்தப் பக்கம் திருப்பிவிட்டால் என்ன என்று மலையடிவாரத்தில் சம்சாரிகள் எத்தனை தலைமுறையாகப் பேசிக்கொண்டிருந்தார்களோ! அரண்மனையில் அது காதில் விழுந்தது 1789-ல்.

ராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மலைக்கு ஆட்களை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். போனவர்கள் பார்த்தார்கள், திரும்பி வந்தார்கள், முடியும் என்றார்கள். இன்றைய கணக்குப்படி அது ஒரு சாத்தியக்கூறு அறிக்கை. அதில் குறையொன்றுமில்லை, கஜானாவில்தான் குறை. பிள்ளைவாள் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஓலையை மடித்து வைத்தார். 1795-ல் கும்பினியார் சேதுபதியையே பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். தண்ணி விவகாரமும் வெள்ளைக்காரன் தலையில் விழுந்தது.

1808-ல் கேப்டன் கால்டுவெல் என்ற பொறியாளர் மலையேறினார். (ஒப்பிலக்கணக் கால்டுவெல் இல்லை, அவர் அப்போது பிறக்கவேயில்லை.) மலையை எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டியிருக்கும் என்று பார்த்தார், மலைத்தார். இது வெறும் பகற்கனவு, இனி யாரும் இதைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம் என்ற அர்த்தத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். கும்பினியாருக்கு இதைவிட ருசியான அறிக்கை கிடைக்குமா? பைசா செலவில்லை, பொறுப்பில்லை, பழியைத் தூக்கி மலை மேலேயே போட்டாயிற்று. நாற்பது வருடத்துக்கு மேல் அந்தக் காகிதம்தான் ஆண்டது.

1850-ல் யாருக்கோ ரோஷம் வந்து சின்னதாக ஓர் அணை ஆரம்பித்தார்கள். காட்டுக் காய்ச்சல் வந்தது. இந்த மலையில் கிடந்து சாக வேண்டுமானால் கூலியைக் கூட்டிக் கொடு என்றார்கள் வேலையாட்கள். நியாயமான பேச்சு. சர்க்கார் கணக்குப் போட்டுப் பார்த்து, அணையையே வேண்டாம் என்று விட்டுவிட்டது.

பிறகு 1862-ல் கேப்டன் ரைவ்ஸ் புறப்பட்டார். ஐந்து வருடம் கழித்து, மண் அணை கட்டலாம் என்று திட்டம் கொடுத்தார். சென்னைக் கோட்டையில் அதை மேசையில் வைத்துப் பேசினார்கள், எழுதினார்கள், திருத்தினார்கள், மறுபடி பேசினார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே 1876 வந்தது. தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். அந்த இரண்டு மூன்று வருடமும் திட்டம் அப்படியே கிடந்தது.

பஞ்சம் முடிந்த பிறகுதான் சர்க்காருக்குப் புத்தி தெளிந்தது. விளைச்சல் இல்லையென்றால் வரி இல்லை. வரி இல்லையென்றால் கோட்டை இல்லை. 1882-ல் மேஜர் ஜான் பென்னிகுவிக்கிடம் வேலையைக் கொடுத்தார்கள். மலை 1808-ல் இருந்த இடத்திலேதான் இருந்தது, ஓர் அங்குலம் நகரவில்லை. ஆனால் இப்போது முடியும் என்றாகிவிட்டது! மலையை உச்சியிலிருந்து வெட்டிக்கொண்டு வருவானேன்? உயரமாக ஒரு கல் அணை கட்டித் தண்ணியை மேலே ஏற்று. ஏறிய தண்ணியை ஒரு மைலுக்கு மேல் மலையைக் குடைந்து கிழக்கே விடு. அது வைகைக்குத் தானே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். கேட்டால், அட இவ்வளவுதானா என்று தோன்றும்.

மிச்சமிருந்தது திருவிதாங்கூர். அணை கட்டும் இடம் மகாராஜாவுடையது. வருடக்கணக்காகப் பேரம் பேசி 1886 அக்டோபரில் பத்திரம் எழுதினார்கள். தண்ணீர் நிற்கும் 8000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய், வருடம் 40,000 ரூபாய். காலம் 999 வருடம். எழுதி வாங்கிய சாம்ராஜ்யம் 61 வருடத்தில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. பத்திரம் போகவில்லை.

1887-ல் வேலை தொடங்கியது. மழை, வெள்ளம், யானை, மலேரியா. நூற்றுக்கணக்கானோர் நோயில் மாண்டார்கள்; அணைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கான இடுகாடு இருக்கிறது. சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்துக் கல்மேல் கல் வைத்தவர்களில் எத்தனை பேர் பெயர் கோப்பில் ஏறியது என்று தேடிப் பார்க்க வேண்டியதில்லை. இந்தத் திட்டத்தின் வரலாற்றை எழுதிய பொறியாளர் மெக்கென்சி மட்டும் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொன்னார்: நாட்டுச் சாராயம் மருந்தாக உதவியிராவிட்டால் அணை முடிந்தே இருக்காது என்று. ரைவ்ஸோ கால்டுவெல்லோ இந்தச் செலவைச் சேர்த்திருந்தால் மதிப்பீடு இன்னும் கொஞ்சம் உருப்படியாக இருந்திருக்கும்.

1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்து வைத்தார். கம்பம் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் ஜனவரி 15, பென்னிகுவிக் பிறந்த நாளன்று, பொங்கல் வைக்கிறார்கள். அவர் சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்றும் சொல்வார்கள். அதற்குக் காகிதம் கேட்டால் ஊர்க்காரர்கள் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். முத்திருளப்ப பிள்ளைக்கும் ஒரு பானை வைத்தால் தப்பில்லை என்பது என் கட்சி.

கட்டலாமா என்று ஒரு நூற்றாண்டு பார்த்த அணையை இப்போது நிற்குமா என்று கமிட்டி கமிட்டியாகப் பார்க்கிறார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. வழக்கும் வாதமும் ஓயவில்லை. ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த வாடகையை 1970-ல் 30 ஆக்கினார்கள். குத்தகை முடிவது 2885-ல்.