கப்பலை மறிப்பது யார்?

கேள்வி: வணிகத் தடை என்றாலும் கடற்படை முற்றுகை என்றாலும் சரக்கு வந்து சேரப்போவதில்லை. பிறகு என்ன வித்தியாசம்? (ஒரு வாசகர், ராயபுரம்)

பதில்: வணிகத் தடை என்பது ஓர் அரசு தன் ஆட்களுக்குப் போடும் உத்தரவு. 'அந்த நாட்டோடு கொடுக்கல் வாங்கல் கூடாது', அவ்வளவுதான். மற்ற நாடுகளை அது கட்டுப்படுத்தாது. முற்றுகை என்பது எதிரியின் துறைமுக வாசலில் போர்க்கப்பலை நிறுத்தி, எந்த நாட்டுக் கொடியோடு வந்தாலும் மறிப்பது. மீறி நுழையும் கப்பலைப் பிடிக்கலாம், எதிர்த்தால் சுடலாம். ஆகவே அது போர். ஐ.நா. சாசனமும் பொருளாதார உறவை முறிப்பதை 41-ஆம் பிரிவிலும், முற்றுகையைப் படை நடவடிக்கைகளோடு சேர்த்து 42-ஆம் பிரிவிலும் வைத்திருக்கிறது.

1962-இல் கியூபா இரண்டையும் பார்த்துவிட்டது. பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கென்னடி வணிகத் தடை போட்டார். சோவியத் கப்பல்கள் ஹவானாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. அக்டோபரில் சோவியத் ஏவுகணைகளைத் தடுக்கக் கியூபாவைச் சுற்றிக் கடற்படையை நிறுத்தினார். அணு ஆயுதப் போர் வந்துவிடுமோ என்று உலகமே நடுங்கியது. கடற்படை நவம்பரில் விலகியது. வணிகத் தடை அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் நீடித்தது.

கேள்வி: நம் வடசென்னைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (ஒரு வாசகி, திருவொற்றியூர்)

பதில்: உங்கள் பக்கத்து மணலியிலேயே உண்டு. இன்றைய சி.பி.சி.எல். எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனம், 1965-இல் இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ். ஈரானின் டேரியஸ் கச்சா எண்ணெய்க்கென்றே வடிவமைத்த ஆலை. சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக்கில் டேங்கர் இறக்கும் எண்ணெய் குழாய் வழியே மணலிக்குப் போகும். 2018-இல் டிரம்ப் ஈரான்மீது மீண்டும் தடை விதித்தார். 2019 மே மாதம் இந்தியாவுக்குக் கொடுத்திருந்த சலுகை முடிந்தது. நாம் ஈரான் எண்ணெய் வாங்குவதை நிறுத்தினோம். காசிமேட்டுக் கடலில் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல்கூட நிற்கவில்லை. அமெரிக்கா தண்டிக்குமோ என்று பணம் அனுப்ப வங்கி பயந்தது, கப்பலுக்குக் காப்பீடு தரக் கம்பெனிகள் தயங்கின. ஈரானிய நிறுவனத்திற்கு 15.4 சதவீதப் பங்கு இருந்தும், அந்த நாட்டு எண்ணெய் ஆலைக்குள் வர வழியில்லாமல் போனது. அமெரிக்கா தன் ஆட்களுக்குப் போட வேண்டிய உத்தரவு மணலியில் செல்லுபடியானது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கேள்வி: 1914-இல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மெட்ராஸை முற்றுகையிட்டதாகச் சொல்லலாமா? (ஒரு மாணவர், எண்ணூர்)

பதில்: கூடாது. செப்டம்பர் 22 இரவு குண்டு வீசி, பர்மா ஆயில் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டது. முற்றுகை என்றால் நின்று அடைக்க வேண்டும். 1856-ஆம் ஆண்டு பாரிஸ் பிரகடனத்தின்படி, வெறும் அறிவிப்பு முற்றுகையாகாது. மெட்ராஸ் பார்த்த முற்றுகை வேறு: 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி, இன்றைய ஜார்ஜ் டவுனைப் பிடித்துக்கொண்டு செயின்ட் ஜார்ஜ் கோட்டையை வளைத்தார். தரையை அடைத்தவரால் கடலை அடைக்க முடியவில்லை. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து நின்றதும் அவர் மூட்டை கட்டினார். அடுத்து புதுச்சேரியில் ஆங்கிலேயர் இரண்டு பக்கமும் அடைத்தார்கள். 1761 புத்தாண்டுப் புயலில் அவர்களுடைய கப்பல்கள் பல மூழ்கியும், மிச்சமிருந்தவை சில நாளில் திரும்பி வந்து காவல் நின்றன. ஜனவரி நடுவில் பசியால் ஊர் பணிந்தது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நடந்தது எந்த வகை? (ஒரு வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: காகிதத்தில் பொருளாதாரத் தடை. 1990-க்குப் பிறகு பெட்ரோல், பேட்டரி, சிமெண்ட், உரம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்றது இலங்கை அரசு. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள்; மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஆனால் கிளாலி நீரேரியில் படகில் போன மக்களைக் கடற்படை சுட்டதே, அதை வெறும் தடை என்று நான் எழுத மாட்டேன். குடிமக்களைப் பட்டினி போடுவதையே நோக்கமாகக் கொண்ட முற்றுகையைப் போர்ச்சட்டம் அனுமதிப்பதில்லை. இனிச் செய்தியில் 'தடை' என்று படித்தால், மருந்துக்கும் சோற்றுக்கும் வழி விட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.