துடுப்பு மீனும் தி.நகர் சித்தப்பாவும்

இன்னா தம்பி, மூஞ்சி தொங்கிக் கெடக்கு? ஓ, அந்த வீடியோவா! 2025ல நம்ம தமிழ்நாட்டு மீனவங்க வரிசையா நின்னு தூக்கிப் புடிச்சாங்களே, தலையில செவப்புக் கொண்டை வெச்ச நீட்டு மீன், அதுதானே? 'உலகம் அழியப் போவுது'ன்னு தி.நகர்லேர்ந்து உன் சித்தப்பா அனுப்பினாரு. நீயும் மயிலாப்பூர் பூரா அனுப்பிட்ட. நல்ல காரியம். அப்படியே வீட்டு லோனையும் கட்டாம நிறுத்திடு. அழியப் போற உலகத்துக்கு இன்னாத்துக்கு இ.எம்.ஐ?

அது துடுப்பு மீனு. பார்க்க நம்ம வாளைக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். ஆனா ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. எலும்பு மீன்லயே இதுதான் நீளம், 8 மீட்டர் வரைக்கும் அளந்திருக்காங்க. 200 மீட்டர்லேர்ந்து 1000 மீட்டர் ஆழம் வரைக்கும் அதோட பேட்டை. செதில் கெடையாது, பல்லு கெடையாது. தலை மேல, வால் கீழன்னு தண்ணியில செங்குத்தா நிக்கும். உடம்பை ஆட்டாம, முதுகு நெடுக ஓடுற துடுப்பை மட்டும் அசைச்சே நகரும். வாய்க்குள்ள வர்ற பொடி எறாலை வடிகட்டித் தின்னும். இந்தப் பொக்கை வாய்க்குத்தான், தெனம் அடையாறு ஜிம்முக்குப் போற நீ நடுங்குற!

பெருசா வளர்ந்ததுக்கு வால் முழுசா இருக்காது. தன் பின்பக்கத்தைத் தானே துண்டிச்சு விட்டுரும், திரும்ப முளைக்காது. முக்கியமான உறுப்பெல்லாம் முன்னாடி இருக்கறதால உசுருக்குச் சேதமில்ல. அது வாலையே விடுது. உன்னால ஒரு வாட்ஸப் குரூப்பை விட முடியல.

லூப் ரோட்டுக்கு மீன் வாங்க வர்ற புரொபசர் ஒருத்தர், வஞ்சரத்துக்குப் பேரம் பேசிக்கினே பாடமும் நடத்துவாரு. விசாகப்பட்டினத்து மீனுங்களை வெச்சு ரசல்னு ஒரு டாக்டர் 1803ல புத்தகம் போட்டாராம். இந்தத் துடுப்பு மீன்ல ஒரு வகைக்கு, 1816ல குவியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் அந்த ரசல் பேரையே வெச்சாராம். கண்ணாடி விரியனுக்கும் இங்கிலீஷ்ல அதே ரசல் பேருதான். இதையும் சித்தப்பாகிட்ட சொல்லிடாத, ராத்திரி தூங்க மாட்டாரு.

இந்த மீனு மேல வந்தா பூகம்பம் வரும்கிற கதை ஜப்பான் சரக்கு. அந்த ஊர்க்காரங்களே ஒக்காந்து எண்ணிட்டாங்க. 1928லேர்ந்து 2011 வரைக்கும் ஆழ்கடல் மீன் தென்பட்டது 336 தடவ, பூகம்பம் 221. ஒத்துப்போனது ஒண்ணே ஒண்ணு! 2019ல அச்சுலயே வந்துச்சு. உங்க குடும்ப ஜோசியரு எவ்வளவோ தேவல. நோவு வந்தாலோ, அடிபட்டாலோ, நீரோட்டம் தள்ளினாலோ மேல வருது பாவம். சாவக் கெடக்கறதைப் படம் புடிச்சு, அதும் தலையிலயே பழியும் போடுறீங்க.

ஆழத்துல இன்னா இருக்குன்னு நெசமாவே தெரியணுமா? பள்ளிக்கரணையில இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்துல 'மத்ஸ்யா 6000'ன்னு ஒரு நீர்மூழ்கி கட்டிக்கினு இருக்காங்க. 6000 மீட்டர் எறங்கும். 2.1 மீட்டர் குறுக்களவுள்ள டைட்டானியம் உருண்டைக்குள்ள மூணு பேரு, 12 மணி நேரம். ஏர்றதுக்கு முன்னாடி பாத்ரூம் எங்கன்னு மட்டும் கேட்டு வெச்சிக்கோ.